நீரிழிவும் இதயத்தின் எரிபொருளும்

என் மாமாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. சென்ற ஆண்டு மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். இதயக் குழாய்களில் அடைப்பு ஏதுமில்லை. "அடைப்பில்லை என்றால் மூச்சு ஏனடா இப்படி இரைக்கிறது? நீ வேதியியல்தானே படிக்கிறாய், சொல்லேன்" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பில் கொழுப்பு அமிலங்களின் ஆக்சிஜனேற்றம் நடத்தப்பட்டபோதுதான் அக்கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதற்கான ஆற்றலைத் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. இதன் கையிருப்போ சில நொடிகளுக்கே போதும். தீரத் தீர ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நலமான இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களையும், ஓரளவு குளுக்கோசையும் எரிக்கிறது. உண்டபின் குளுக்கோஸ், பட்டினியில் கொழுப்பு என மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இத்திறமையைத்தான் நீரிழிவு பறித்துவிடுகிறது.

இதயத் தசைக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலினின் ஏவல் வேண்டும். இன்சுலின் குறைந்தாலும், இருந்தும் பயன்படாவிட்டாலும் வரவு சுருங்குகிறது. உடற்கொழுப்பு கரைந்து வெளியேறாமல் தடுத்து வைப்பதும் இன்சுலினே. அத்தடை தளர்ந்ததும் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் பெருகுகின்றன. அவை எரியும்போது குளுக்கோஸ் எரிவதை மேலும் ஒடுக்குகின்றன. இதனை 1963-இல் விளக்கியவர்கள் ஆங்கில அறிஞர் ராண்டிலும் அவர்தம் குழுவினரும் ஆவர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் இதயம் கொழுப்பையே நம்பிக் கிடக்கிறது!

கொழுப்பு நல்ல எரிபொருளாயிற்றே என நானும் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் அவ்வெண்ணம் மாறியது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொண்டு சுமார் 32 ஏ.டி.பி. தருகிறது, ஓர் ஆக்சிஜனுக்கு 5.3. பால்மிடிக் அமிலமோ 23 ஆக்சிஜனுக்கு 106. ஓர் ஆக்சிஜனுக்கு 4.6 மட்டுமே. நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு நட்டம். போதாக்குறைக்கு, எரியாமல் மிஞ்சிய கொழுப்பு செல்லுக்குள் தேங்கி மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கிறது.

தசை சுருங்கத்தான் ஆற்றல் வேண்டும் என்பது நம்மிற் பலர் எண்ணம். தளர்வதற்கும் வேண்டும். சுருங்கும்போது வெளிப்பட்ட கால்சியத்தை அதன் சேமிப்பறைக்குத் திரும்ப ஏற்றுவதற்கு ஏ.டி.பி. செலவாகிறது. அது தாமதமானால் இதயம் நன்கு விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்வதில்லை. நார்த்திசு பெருகிச் சுவர் விறைத்திருந்தால் இன்னும் மோசம். அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது. மாமாவின் எக்கோ பரிசோதனையிலும் இதயம் சுருங்குவதில் குறையில்லை, தளர்வதில்தான் குறை என்றார் மருத்துவர்.

இது புதிய செய்தியன்று. குழாய் அடைப்பின்றியே இதயம் நலிந்து இறந்த நீரிழிவு நோயாளிகள் நால்வரை 1972-இல் ரூப்ளர் குழுவினர் விவரித்துள்ளனர். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1974-இல் வெளியிட்ட முடிவு இன்னும் அச்சமூட்டுவது: நீரிழிவுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இருமடங்கு, பெண்களுக்கு ஐந்து மடங்கு.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். அவருக்கும் எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. அவரை இதுவரை யாரும் எக்கோ எடுக்க அழைத்துச் சென்றதில்லை. வரும் திங்கட்கிழமை நான் அழைத்துச் செல்கிறேன்.