இரவில் குழந்தை உறங்க

பிறந்து 2, 3 மாதங்கள் வரை சிசுவுக்கு இரவென்றும் பகலென்றும் பேதம் தெரியாது. நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் அது உறங்கினாலும், இரைப்பை சிறிதாகையால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பசித்து விழிப்பது இயற்கையேயன்றித் தாயின் குறையன்று. அக்காலத்தில் இராப் பாலை நிறுத்த யாதொரு பிரயத்தனமும் வேண்டாம். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்சுவதும், இரவில் மங்கலான விளக்கில் பேச்சில்லாமல் பாலூட்டி, ஏப்பம் விடச்செய்து, ஈரத்துணியை மாற்றிக் கிடத்துவதுமாகிய வித்தியாசத்தை நாள்தோறும் அனுசரித்து வந்தால், காலக்கிரமத்தில் அதன் சரீரமே இரவை அறிந்துகொள்ளும்.

நான்கு மாதத்துக்குப் பின், மேல் துடைத்தல், பால், தாலாட்டு என்ற ஒரே வரிசையை மாலைதோறும் கடைப்பிடித்து, கண் செருகும்போதே, முழுதும் உறங்குமுன், மல்லாக்கப் படுக்கவிடுக. தூளியில் ஆட்டியே உறங்கிப் பழகிய குழந்தை, நடுநிசியில் விழித்ததும் அந்த ஆட்டத்தையே தேடி அழும் (பாட்டிமார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்!). சிணுங்கியவுடன் தூக்காமல் சற்றுப் பொறுத்தால் பலமுறை தானே அடங்கிவிடும். வீறிட்டழுதால் தாமதியாமல் எடுத்துக்கொள்க. தலையணையும் கனத்த போர்வையும் ஆகா. உறக்கத்துக்கென்று ஒரு வயதுக்குள் நாவில் தேன் தடவுவது அபாயம். எடை ஏறாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இராப் பாலைக் குறைப்பதைப் பற்றி வைத்தியரையே கேட்க வேண்டும்.