மதுவும் மாதர் தேகமும்



"மது நமக்கு மார்க்கம் விலக்கிய வஸ்து. அதைப் பற்றி நம் சங்க இதழில் ஒரு பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நம் கடையில் இல்லாத சரக்கு, நம் வீட்டில் நுழையாத சரக்கு. அதன் குணம் நமக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று. ஆனால் நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லா இனத்தாரும் அல்லவா?

கிள்ளானில் நாம் நடத்துவது மளிகைக் கடை. பிள்ளை பெற்ற வீட்டாருக்கு வேண்டிய மருந்துச் சாமான்களும் வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் நெடுநாள் வாடிக்கைக்கார அம்மையார் ஒருவர் பூண்டும் சுக்கும் வாங்கிக்கொண்டு, "பாய், மகளுக்குப் பால் பத்தலை. ஸ்டவுட் குடிச்சா பால் ஊறும், ரத்தமும் ஊறும்னு சொல்றாங்க. எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். "நம்மகிட்ட இல்லைங்க அக்கா. எதிர் வரிசையிலே கேட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டினோம். நாம் விற்கவில்லை, ஆகவே நம் மேல் குற்றமில்லை என்ற நிம்மதி வேறு.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். குழந்தை மாரில் வாய் வைக்கிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு அழுகிறது, எடை ஏறவில்லை என்றார். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் புட்டியைக் கண்டதும் உடனே நிறுத்தச் சொன்னாராம். நமக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு, தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டும், படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லியும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாத நமக்கே விளங்கிய விஷயம், உங்களுக்கு விளங்காமல் போகாது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ரோஸ் சிரப்பை ஒரே அளவில் எடுத்து, பெரிய ஜக்குத் தண்ணீரில் ஒரு பங்கும் சின்ன ஜக்குத் தண்ணீரில் ஒரு பங்கும் கலக்கினால், எது கடுமையாக இருக்கும்? சின்ன ஜக்கில் உள்ளதுதான். மதுச்சத்து உடம்பில் கொழுப்போடு அதிகம் சேராது. உடம்பில் உள்ள நீரில்தான் கலக்கும். ஆணின் தேகத்தில் நீரின் பங்கு அதிகம். பெண்ணின் தேகத்தில் கொழுப்பின் பங்கு கூடுதல், நீரின் பங்கு குறைவு. சுவீடன் தேசத்து விட்மார்க் என்பவர் 1932-ல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். அதன்படி உடல் எடையை ஆணுக்கு 0.68-ஆலும் பெண்ணுக்கு 0.55-ஆலும் பெருக்க வேண்டும். 320 மில்லி டின் ஒன்றில் 5 சதவீத பீர் இருந்தால், அதில் மதுச்சத்து ஏறத்தாழ 12.6 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணும் அதே எடையுள்ள பெண்ணும் ஆளுக்கு ஒரு டின் குடித்தால், பெண்ணின் இரத்தத்தில் ஏறுவது கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். ஆண் 70 கிலோ, பெண் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு ஏறுவது ஒன்றே முக்கால் மடங்கு நெருங்கிவிடும். "அவரும் ஒரு டின், நானும் ஒரு டின்" என்பது வெளிக்குத்தான் சரிசமம்.

இரைப்பையிலும் ஒரு பேதம் உண்டு. மதுச்சத்தில் கொஞ்சத்தை அங்கேயே சிதைத்துவிடும் நொதி ஒன்று இருக்கிறது. அது பெண்களிடம் குறைவாக வேலை செய்கிறது என்று சார்லஸ் லீபர் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1990-ல் எழுதினார்கள். இந்தப் பேதம் எவ்வளவு பெரியது என்பதில் வைத்தியர்களுக்குள் பிற்பாடு தர்க்கம் எழுந்தது. ஜக்குக் கணக்கில் தர்க்கமில்லை.

இதன் பலன் ஈரலில் தெரிகிறது. ஆணைவிடக் குறைந்த அளவு, குறைந்த வருஷங்கள் குடித்த பெண்ணுக்கும் ஈரல் கெட்டுப் போகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஆண்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019-ல் மதுவினால் மாண்டவர்கள் 26 லட்சம் பேர். அவர்களில் 20 லட்சம் பேர் ஆண்கள். அதிகம் குடிப்பவன் ஆண். ஒரே அளவுக்கு அதிகம் வதைபடுவது பெண்ணின் தேகம்.

மார்புப் புற்றுநோய் விஷயம் பலருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. மது, பெண்ணின் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பைக் கூட்டுகிறது. 53 ஆராய்ச்சிகளின் விவரங்களை ஒன்றாய்ச் சேர்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், தினம் 10 கிராம் மதுச்சத்துக்கு மார்புப் புற்றின் அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். மேலே சொன்ன ஒரு டின்னில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

கர்ப்பிணிகளைப் பற்றி: தாயின் இரத்தத்தில் உள்ள மது நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போய்ச் சேரும். அதைச் சிதைக்கப் போதிய சக்தி சிசுவின் ஈரலுக்கு இல்லை. பிரான்ஸில் லெமுவான் என்ற டாக்டர், குடிக்கும் பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பார்த்து 1968-ல் எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் அந்தக் கோளாறுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். வளர்ச்சி குன்றி, முக அமைப்பு மாறி, மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் அவர்கள். இத்தனை மாதத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று நிச்சயமாய்ச் சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். ஸ்டவுட் குடித்தால் பால் ஊறுமா? இந்த நம்பிக்கை வெறும் காற்றில் முளைத்ததல்ல. பார்லியில் உள்ள ஒரு சத்து, பாலை உண்டாக்கும் புரோலாக்டின் என்ற சுரப்பைத் தூண்டுவதாகத் தெரிகிறது. ஆனால் மது நீக்கிய பீரிலும் அதே பலனைக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் நன்மை பார்லியுடையது, மதுவுடையதல்ல. மதுவோ, பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோஸின் சுரப்பை அமுக்குகிறது. போதாதற்கு, தாயின் இரத்தத்தில் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு பாலிலும் கலந்திருக்கும். 1991-ல் பிலடெல்பியாவில் தாய்மார்களுக்குக் கொஞ்சம் மது கலந்த ஆரஞ்சுச் சாறு கொடுத்துப் பார்த்தபோது, குழந்தைகள் வழக்கத்தைவிடக் குறைவான பாலே குடித்தன. அக்காவின் பேரப்பிள்ளை அழுததற்கு இதுதான் காரணம் என்று நாம் சாதிக்க முடியாது. ஆனால் கதை ஒத்துப் போகிறது.

பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் போதும் என்பாரும் உண்டு. இரத்தத்தில் இருக்கும் வரை அடுத்து ஊறும் பாலிலும் இருக்கும். ஒரு டின்னுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். இரத்தம் ஊறும் என்ற பேச்சோ, ஒரு புட்டி ஸ்டவுட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புச் சத்துகூடக் கிடையாது. பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே வீட்டில், பிரசவமான மருமகளுக்கு இஞ்சியும் அரிசி மதுவும் ஊற்றிக் கோழி சமைப்பார்கள். கொதித்தால் மது எல்லாம் ஆவியாகிவிடும் என்று அவர் நம்மிடம் சொன்னதுண்டு. கால் மணி நேரம் கொதித்த பின்னும் ஐந்தில் இரண்டு பங்கு தங்குமாம். சொன்னோம், யோசிக்கிறேன் என்றார்.

டானிக் என்ற பெயரில் வரும் சில புட்டிகளையும் கவனியுங்கள். லேபிளின் மூலையில் சின்ன எழுத்தில் மதுவின் சதவீதம் போட்டிருக்கும். பெயரை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கும் நம் சகோதரர்கள் சிலர் அதை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

இப்போது யாரேனும் அப்படிக் கேட்டு வந்தால் எதிர் வரிசையைக் காட்டுவதில்லை. பார்லி நிறுத்துக் கொடுத்து, குழந்தையை அடிக்கடி மாரில் விடச் சொல்லி, நர்ஸைக் கேளுங்கள் என்கிறோம். வெந்தயம் கேட்டால் அதுவும் கொடுக்கிறோம். வெந்தயத்தால் பால் பெருகும் என்பதற்கும் பலமான ஆதாரம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதையும் சொல்லித்தான் கொடுக்கிறோம்.