சொட்டும் குழாயை யார் திருத்துவது?

நலன்புரி நிலையங்களிலும் இரவற் காணிகளிலும் வாழும் குடும்பங்களைச் சந்திக்கும்போது ஒரு பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம்: "இது எங்கட குழாயுமில்லை, எங்கட காணியுமில்லை. நாங்கள் ஏன் திருத்த வேணும்?" சொந்தக் கிணற்றில் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களின் வேதனை அது. ஆயினும் சிந்துவது நம் பிள்ளைகள் வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர் அல்லவா?

செக்கனுக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லீற்றர் போய்விடும். அவசரகால உதவியில் ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். நம்பாதவர்கள் ஒரு மணித்தியாலம் போத்தலில் பிடித்து 24 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

"சிந்தினாலும் நிலத்துக்குள்தானே போகிறது" என்று ஓர் ஐயா எம்மிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஒரு பங்கு வெயிலில் ஆவியாகும். மிகுதி சேற்றின் அழுக்கோடு இறங்கும். தாங்கியை நிரப்ப மோட்டரும் கூடுதல் நேரம் ஓட வேண்டும். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் தங்கும் மாரிமழை நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. ஒரே கிணற்றில் மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும்.

பெரும்பாலும் பழுது உள்ளேயிருக்கும் சிறு வாசரில்தான். சொட்டுகிறதென்று மேலும் மேலும் இறுக்கிப் பூட்டுவதால் அது இன்னும் நசியும். முதலில் அயலவருக்குச் சொல்லிவிட்டுத் தாங்கி வால்வைப் பூட்டுங்கள். குழாயைத் திறந்து மிஞ்சிய நீரை வடியவிடுங்கள். பின்னர் தலைப்பகுதியை ஸ்பானரால் கழற்றி, தேய்ந்த வாசரை எடுத்து, அதே அளவில் புதியதைப் போடுங்கள். வாசர் அமரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது அரிபட்டிருந்தால் புது வாசரும் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும். கடையில் வாசர் கிடைக்காவிட்டால் லொறி ரியூப் இறப்பரில் வெட்டிப் போடலாம். நாட்பட உழைக்காது, புதியது வரும்வரை போதும்.

சீமெந்துத் தாங்கியின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டி, நீர்மட்டத்தில் கரியால் கோடிட்டு மூடிவிடுங்கள். விடிய மட்டம் இறங்கியிருந்தால் வெடிப்பு உண்டு. தாங்கியை வெறுமையாக்கி, வெடிப்பைச் சற்று அகலமாகக் கொத்தி, நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் கலந்து அழுத்திப் பூசுங்கள். ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டுக் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் இரண்டாம் முறையும் பூசியதைக் கண்டிருக்கிறோம்.

ஒரு ஸ்பானரும் நாலைந்து வாசர்களும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீட்டில் இருக்கட்டும்.