பறக்கும் படகை எக்செல்லில் எடை போடுவோம்

எக்செல் பாடம் என்றாலே வீட்டுச் செலவுக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். இந்தப் பாடத்துக்கு நான் ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் படகை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் இதை வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு பொருளின் விளம்பர எண்களை நம் தேவைக்கு ஏற்ற எண்களாக மாற்றுவது எப்படி என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தரையில் கணக்கு தவறினால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீட்டுக்கு வந்துவிடலாம். தண்ணீரில் அது முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படகைத் தண்ணீருக்கு மேலே நிலையாக வைத்திருப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான்.

படகு எது?

ஸ்வீடன் நாட்டின் கேண்டலா நிறுவனம் 2021ல் அறிமுகப்படுத்திய சி-8 என்ற மின்சாரப் படகு அது. அதன் அடிப்பகுதியிலிருந்து விமானத்தின் இறக்கை போன்ற தகடுகள் நீருக்குள் இறங்குகின்றன. இவற்றுக்கு ஹைட்ரோஃபாயில் என்று பெயர். படகு வேகம் எடுத்ததும் இந்த இறக்கைகள் படகின் உடலை நீருக்கு மேலே தூக்கிவிடும். நீரின் அடர்த்தி காற்றைப்போல சுமார் 800 மடங்கு. அதனால் உடல் நீரைவிட்டு எழுந்தாலே இழுவை பெருமளவு குறைந்துவிடுகிறது. சாதாரண வேகப் படகுக்குத் தேவைப்படும் சக்தியில் 80 சதவீதம் மிச்சமாகிறது என்கிறது நிறுவனம்.

இந்த யோசனை புதிதல்ல. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906லேயே இப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். டெலிபோன் புகழ் கிரகாம் பெல் குழுவினரின் எச்.டி-4 படகு 1919ல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பழைய படகுகள் பலவற்றில் இறக்கைகள் நீர்மட்டத்தைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. படகு அதிகமாக எழுந்தால் இறக்கையின் ஒரு பகுதி காற்றுக்கு வந்துவிடும்; தூக்கும் விசை குறையும்; படகு தானே கீழே இறங்கும். இந்த முறைக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு அலையும் படகைக் குலுக்கும்.

இறக்கை முழுவதும் நீருக்குள் இருந்தால் சவாரி மென்மையாக இருக்கும், ஆனால் படகு தானாக நிலைநிற்காது. சி-8 படகில் சென்சார்கள் உயரத்தையும் சாய்வையும் அளந்துகொண்டே இருக்கின்றன. கம்ப்யூட்டர் நொடிக்கு 100 முறை இறக்கையின் கோணத்தைத் திருத்துகிறது. மனிதக் கையால் இது ஆகாது. 1974ல் போயிங் நிறுவனம் தன் ஜெட்ஃபாயில் கப்பலில் இதே வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. இன்று அது ஒரு குடும்பப் படகுக்குள் வந்துவிட்டது.

வடிவமைப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு? எக்செல்லைத் திறப்போம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.

முதல் படி: எண்களை உள்ளிடுங்கள்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஏ வரிசையில் விவரத்தையும் பி வரிசையில் எண்ணையும் டைப் செய்யுங்கள். கட்டத்துக்குள் எண்ணை மட்டும் போடுங்கள். "69 யூனிட்" என்று சேர்த்து அடித்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு வராது.

பி2 – நீளம், மீட்டரில்: 8.5
பி3 – அகலம், மீட்டரில்: 2.5
பி4 – பேட்டரி, யூனிட்டில் (கிலோவாட் மணி): 69
பி5 – ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கடல் மைலில்: 57
பி6 – வழக்கமான வேகம், நாட்டில்: 22

நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

அகலத்தைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சாலை விதிப்படி வாகனத்தின் அகலம் 2.55 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2.5 மீட்டர் என்றால் டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோகலாம். இதுவும் வடிவமைப்பில் ஒரு பகுதிதான்.

இரண்டாம் படி: வகுத்துப் பாருங்கள்

ஃபார்முலா எல்லாமே சமக்குறியில் தொடங்க வேண்டும். நான் தமிழில் எழுதியிருக்கும் ஏ, பி போன்ற எழுத்துகளை நீங்கள் ஆங்கில எழுத்துகளாக டைப் செய்துகொள்ளுங்கள்.

பி8: =பி5/பி6
பி9: =பி8*60
பி10: =பி5*1.852
பி11: =பி4/3.68
பி12: =பி4/11

என்டர் கீயைத் தட்டியதும் பி8ல் 2.59 என்று வரும். தசமங்கள் நீளமாக வந்தால் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட் செல்ஸ் பகுதியில் இரண்டு தசமம் என்று அமைத்துவிடுங்கள். புதியவர்கள் பலர் இந்த 2.59ஐ 2 மணி 59 நிமிடம் என்று படித்துவிடுவார்கள். அதற்காகத்தான் பி9. அது காட்டும் 155 நிமிடம்தான் சரி. அதாவது 2 மணி 35 நிமிடம். தூரம் 105.56 கிலோமீட்டர்.

பி11ம் பி12ம் சார்ஜ் நேரம். 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் தருவது 3.68 கிலோவாட். அதில் முழு சார்ஜுக்குச் சுமார் 19 மணி நேரம் ஆகும். 11 கிலோவாட் மும்முனை இணைப்பு இருந்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ராத்திரி செருகிவிட்டுக் காலையில் எடுக்க நினைப்பவருக்கு, எத்தனை ஆம்பியர் பிளக் என்ற கேள்வி படகின் நிறத்தைவிட முக்கியம்.

மூன்றாம் படி: போகலாமா, கூடாதா?

படகோட்டிகளிடம் ஒரு பழைய விதி உண்டு. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. இதை எக்செல்லுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

இந்தப் படகு பிறந்த ஸ்டாக்ஹோம் நகரைச் சுற்றி ஆயிரக்கணக்கான தீவுகள் உள்ளன. அங்கிருந்து வாக்ஸ்ஹோல்ம் சுமார் 20 கிலோமீட்டர். வெளிக்கடலை ஒட்டிய சாண்ட்ஹாம்ன் சுமார் 50 கிலோமீட்டர். டி2, டி3 கட்டங்களில் ஊர்ப் பெயர்களையும், இ2, இ3ல் கிலோமீட்டரையும் டைப் செய்யுங்கள். பிறகு,

எஃப்2: =இ2/1.852
ஜி2: =இஃப்(எஃப்2<=பி$5/3,"போகலாம்","சார்ஜ் வேண்டும்")

இஃப் என்பது ஆங்கிலத்தில் ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்துகள். "இப்படி இருந்தால் இதைச் சொல், இல்லாவிட்டால் அதைச் சொல்" என்பது இதன் பொருள். பி5க்கு நடுவே டாலர் குறி ஏன்? ஃபார்முலாவைக் கீழே இழுத்து நகல் எடுக்கும்போது எஃப்2 என்பது எஃப்3 ஆக மாறும். பி5 மட்டும் மாறக்கூடாது. டாலர் குறி அதைப் பூட்டி வைக்கிறது.

இப்போது எஃப்2, ஜி2 இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு வரி கீழே இழுங்கள். வாக்ஸ்ஹோல்ம் 10.8 கடல் மைல்: போகலாம். சாண்ட்ஹாம்ன் 27 கடல் மைல்: சார்ஜ் வேண்டும்.

விளம்பரத்தை மட்டும் பார்ப்பவர் என்ன நினைப்பார்? போக வர 54 கடல் மைல், படகு 57 ஓடும், போதும் என்பார். மிச்சம் 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். ஆனால் அந்த 57 என்பது படகு பறந்துகொண்டே இருந்தால் கிடைக்கும் எண். அலை பெரிதாகி இறக்கையில் போக முடியாமல் உடல் நீரில் இறங்கினால்? பறக்கும்போது 80 சதவீதம் மிச்சம் என்றால், பறக்காமல் அதே வேகத்தில் போக ஐந்து மடங்கு சக்தி வேண்டும். காலியான கட்டம் ஒன்றில் =பி5*(1-0.8) என்று அடித்துப் பாருங்கள். விடை 11.4 கடல் மைல். வேகத்தை நன்றாகக் குறைத்தால் இதைவிட அதிக தூரம் போகலாம். ஆனால் இருட்டுவதற்குள் கரை சேர முடியாமல் போகலாம். படகைச் சிக்கனமாக்கும் அதே வடிவமைப்புதான், அலை நாளில் கையிருப்பை அவசியமாக்குகிறது. மூன்றில் ஒரு பங்கு விதியை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

நான்காம் படி: பணம் திரும்புமா?

2024ல் ஒரு சி-8 ஸ்டாக்ஹோமிலிருந்து பால்டிக் கடலைக் கடந்து ஓலான்ட் தீவுகளின் மேரியஹாம்ன் நகருக்குப் போய்த் திரும்பியது. வழியில் சார்ஜ் செய்துகொண்டு மொத்தம் சுமார் 150 கடல் மைல். மின்சாரச் செலவு 40 முதல் 50 யூரோ, கூடவே வந்த பெட்ரோல் படகுக்குச் சுமார் 750 யூரோ என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரு கடல் மைலுக்குப் பெட்ரோல் 5 யூரோ, மின்சாரம் 0.33 யூரோ. மிச்சம் 4.67 யூரோ.

ஆனால் அறிமுகமானபோது இதன் விலை வரி நீங்கலாகச் சுமார் 2,90,000 யூரோ. பெட்ரோல் படகைவிட 1,00,000 யூரோ அதிகம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 கடல் மைல் வீதம் வருடத்தில் 100 நாள் ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் சுமார் 9,340 யூரோ. ஏறக்குறைய 11 ஆண்டில் பணம் திரும்பும். 20 நாள் மட்டும் ஓட்டுபவருக்கு 53 ஆண்டுக்கு மேல் ஆகும். படகு ஒன்றுதான், ஆள்தான் வேறு.

ஐந்தாம் படி: மதிப்பெண் போடுங்கள்

கீழே ஒவ்வோர் அம்சத்துக்கும் பத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண். முதலில் சி-8, அடுத்தது சாதாரண பெட்ரோல் படகு.

ஓட்டும் செலவு: 9, 3
அமைதி, குலுங்காத சவாரி: 9, 5
எட்டும் தூரம்: 4, 9
நிரப்பும் நேரம்: 3, 9
வாங்கும் விலை: 2, 6

இப்போது "எனக்கு எது முக்கியம்" என்பதை நூற்றுக்குப் பிரியுங்கள். தினமும் அருகிலுள்ள தீவுக்கு வேலைக்குப் போகிறவர் இதே வரிசையில் 35, 30, 10, 10, 15 என்று பிரிக்கலாம். விடுமுறையில் தொலைதூரம் போகிறவர் 15, 15, 30, 25, 15 என்று பிரிக்கலாம். இரண்டு வரிசைகளைப் பெருக்கிக் கூட்ட எக்செல்லில் சம்-ப்ராடக்ட் என்ற ஃபங்ஷன் உள்ளது. ஃபங்ஷன் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பெண் வரிசையையும் முக்கியத்துவ வரிசையையும் மவுஸால் காட்டினால் போதும்.

முதல் நபருக்கு சி-8 685, பெட்ரோல் படகு 525. இரண்டாமவருக்கு சி-8 495, பெட்ரோல் படகு 705. மதிப்பெண் ஒன்றைக்கூட நாம் மாற்றவில்லை. தேவை மாறியது, முடிவு தலைகீழானது.

என் முடிவு இது: கரையில் நல்ல மின் இணைப்பும், 19 கடல் மைலுக்குள் தினசரி வேலையும் இருப்பவருக்கு இந்தப் படகு பொருத்தம். மற்றவர்கள் ரசித்துவிட்டு நகரலாம்.

ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேமித்து வையுங்கள். அடுத்த முறை வீட்டுக்கு மின்சார ஸ்கூட்டரோ இன்வெர்ட்டரோ வாங்கும்போது, பி வரிசை எண்களை மட்டும் மாற்றுங்கள். கடைக்காரர் சொல்லும் தூரத்தையும் நேரத்தையும் அப்படியே உள்ளிட்டு, மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு போக மிச்சம் என்ன என்று பாருங்கள். அந்த எண் உங்கள் தேவையைத் தாண்டினால் தைரியமாகப் பணத்தை எடுங்கள்.