இரண்டாவது பந்தைப் பிடுங்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேரனுடைய பேஸ்பால் கிளப் கோச் சொன்னதை விவரமாக எழுதியிருந்தாய். 14 வயதாகிவிட்டது, இனி கூடைப்பந்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு மாதமும் பேஸ்பாலே ஆடினால்தான் கல்லூரி அணிகளின் கண்ணில் படுவான், இல்லையென்றால் இத்தோடு சரி என்கிறாராம். நீ பாதி மனதாக ஒப்புக்கொண்டுவிட்டாய் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. விளையாட்டால் படிப்பு கெடும் என்ற நம் வீட்டுப் பழைய பாட்டை நான் பாட வரவில்லை. எந்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லி அவர் பயமுறுத்துகிறாரோ, அந்த ஆட்டத்தின் வரலாறே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

டோனி க்வினை எடுத்துக்கொள். சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது கூடைப்பந்துக்காக. முதல் வருடம் அவர் அங்கே பேஸ்பால் ஆடவே இல்லை. பாயிண்ட் கார்டாக ஆடி, சக வீரர்களுக்குப் பந்து கொடுத்துக் கூடை போடவைத்த கணக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். 1981 ஜூனில், ஒரே நாளில், பேஸ்பாலில் பாட்ரேஸும் கூடைப்பந்தில் கிளிப்பர்ஸும், தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை எடுத்தன. பாட்ரேஸுக்குப் போனார். 20 பருவங்கள், 3,141 ஹிட், வாழ்நாள் சராசரி .338, எட்டு முறை லீக்கின் முதன்மை பேட்டர். கூடைப்பந்தைத் தட்டித் தட்டித்தான் மணிக்கட்டு வலுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த மணிக்கட்டின்மேல் நான் வாதத்தைக் கட்டவில்லை. ஒரு ஆட்டம் இன்னொன்றுக்கு உரம் என்று நிரூபிப்பது கஷ்டம். நான் சொல்ல வருவது வேறு: 18 வயதில்கூட க்வினின் முதல் ஆட்டம் எது என்று அவரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கே தெரியவில்லை. அப்படியிருக்க, 14 வயதில் யாருக்குத் தெரியும்?

இதைவிடப் பெரிய சாட்சி ஜாக்கி ராபின்சன். யு.சி.எல்.ஏ.வில் நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர் அவர். கூடைப்பந்தில் தன் பிரிவிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். 1940-இல் நீளம் தாண்டுதலில் கல்லூரிகளின் தேசிய சாம்பியன். அதே 1940-இல் பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் அவருடைய பேட்டிங் சராசரி .097. நூறு முறை மட்டையோடு நின்றால் பத்து ஹிட்கூட இல்லை. அன்று உங்கள் கோச் அங்கே இருந்திருந்தால், எதை விடச் சொல்லியிருப்பார்? சந்தேகமில்லாமல் பேஸ்பாலைத்தான். ஏழு வருடம் கழித்து ராபின்சன், கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார், 1949-இல் .342 அடித்து லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். கென்னி லாஃப்டன் கதையும் இதே ரகம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் 1988 கூடைப்பந்து அணி தேசிய அரையிறுதி வரை போனபோது, ஸ்டீவ் கெர்ருக்கு மாற்று ஆளாக பெஞ்சிலிருந்து இறங்கியவர் அவர். கல்லூரி பேஸ்பாலில் ஆடியதோ விரல் விட்டு எண்ணும்படியான ஆட்டங்கள். அவருடைய ஓட்டத்தைப் பார்த்து டிராஃப்டின் 17-ஆவது சுற்றில் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி எடுத்தது. பிறகு மேஜர் லீக்கில் 622 பேஸ்களைத் திருடினார். 1992 முதல் 1996 வரை ஐந்து வருடமும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் அவருக்குத்தான். டேவ் வின்ஃபீல்ட் மினசோட்டாவில் இரண்டும் ஆடினார். 1973-இல் பேஸ்பால், இரண்டு கூடைப்பந்து லீக்குகள், அமெரிக்கக் கால்பந்து என நான்கு பக்கமிருந்தும் அவரை டிராஃப்டில் எடுத்தார்கள். கல்லூரியில் அவர் கால்பந்தைத் தொட்டதே இல்லை என்பது வேடிக்கை! அதைவிட நமக்கு முக்கியமானது, கல்லூரியில் பிட்சராகப் பேர் வாங்கியவரை பாட்ரேஸ் அவுட்ஃபீல்டில் நிறுத்தி பேட்டராக்கியது. 3,110 ஹிட் அடித்தார். ஆட்டத்துக்குள்ளேயே எந்த இடம் என்பதுகூட 21 வயதுவரை தீர்மானமாகவில்லை.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். ஜெயித்த நாலு பேரை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறீர்களே மாமா, இரண்டு ஆட்டமும் ஆடி இரண்டிலும் ஒன்றுமில்லாமல் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? நியாயமான கேள்வி. கூடைப்பந்து ஆடினால் பேஸ்பாலில் பெரிய ஆளாகலாம் என்று நான் சொல்லியிருந்தால் இந்தப் பட்டியல் எதற்கும் உதவாது. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கோச்சின் தலையில் இருக்கிறது. 14-இல் ஒன்றை விடாவிட்டால் கதவு மூடிவிடும் என்பது அவர் கட்சி. அப்படி ஒரு 'விடாவிட்டால்' பொய் என்று காட்ட நாலு பேர் போதும். ஒரே ஆட்டத்தை மட்டும் ஆடி உச்சிக்குப் போனவர்களும் ஏராளம், மறுக்கவில்லை. பேரனே கூடைப்பந்து அலுத்துவிட்டது என்றால் விடட்டும். பயத்தினால் விடவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, பேரன் பிட்சர் வேறு. இளம் பிட்சர்களில் முழங்கையிலும் தோளிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை, காயமில்லாதவர்களோடு ஒப்பிட்டு 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் ஆட்டங்களில் பந்தெறிந்தவர்கள் கத்திக்குப் போகும் வாய்ப்பு 5 மடங்கு. களைத்த கையோடு எறிவதை வழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு 36 மடங்கு. மேஜர் லீக் நிர்வாகமே சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, அவன் வயதுப் பையன்கள் வருடத்துக்கு 4 மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க ஓடுகிறது. கைக்கு வேண்டிய ஓய்வு தானாகவே அமைந்துவிடுகிறது, பார். ஓய்வுதான் வேண்டுமென்றால் கூடைப்பந்து எதற்கு, வீட்டில் சும்மா இருக்கட்டுமே என்று கோச் சொல்லலாம். குளிர்காலப் பயிற்சிக்குப் பணமும் கட்டிவிட்டு, எறிய ஆசைப்படும் 14 வயதுப் பையனைச் சும்மா உட்காரவைத்துவிட முடியுமா? கூடைப்பந்திலும் கணுக்கால் பிசகும், முழங்கால் போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் பிழைப்பாக நினைக்கும் அந்தக் கை தப்பிக்கிறது.

அதெல்லாம் அந்தக் காலம், இன்று போட்டி வேறு என்பாய். போட்டி கூடியிருப்பது உண்மைதான். ஆனால் பேட் கானட்டன் அந்தக் காலத்து ஆளில்லை. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் இரண்டும் ஆடினார். 2014-இல் பிட்சராக ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி அவரை டிராஃப்டின் நான்காவது சுற்றில் எடுத்தது. மறு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போய், 2021-இல் மில்வாக்கி அணியோடு சாம்பியனானார். காசுக் கணக்கையும் மறந்துவிடாதே. முதல் பிரிவுக் கல்லூரி பேஸ்பாலில் வெகுகாலம் ஓர் அணிக்கு மொத்தமே 11.7 உதவித்தொகைதான், அதையும் இருபத்தேழு பேர் வரை துண்டு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்கள் கூடைப்பந்தில் 13 முழு உதவித்தொகை இருந்தது. விதி அண்மையில் மாறிவிட்டது. ஆனால் இப்போதைய விதியும் பேரன் கல்லூரிக்குப் போகும்வரை இப்படியே இருக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் டிக் க்ரோட், நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர், என்.பி.ஏ.விலும் ஒரு பருவம் ஆடினார். பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இரண்டில் ஒன்று என்று நெருக்கியதும் பேஸ்பாலுக்கு வந்தார். 1960-இல் .325 அடித்து லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். டேவ் டிபுஷர் நேர்மாறு. ஒயிட் சாக்ஸுக்கு 1962, 63-இல் பிட்சராக எறிந்தவர், 24 வயதில் டெட்ராய்ட் கூடைப்பந்து அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியாளருமாகி, பேஸ்பாலை விட்டார். டேனி ஐஞ்சை முக்கியமாகப் பார். கல்லூரி மாணவராக இருக்கும்போதே ப்ளூ ஜேஸுக்காக மூன்று பருவம் மேஜர் லீக்கில் ஆடி .220தான் அடித்தார். கூடைப்பந்தைக் கைவிடாததால்தான் 1981-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை நாடியது. நீதிமன்றம் வரை போய், பணம் கொடுத்து மீட்டுக்கொண்டது. மூவரும் தேர்ந்தெடுத்தது இருபதைத் தாண்டிய பிறகு, இரண்டிலும் தங்கள் தரம் என்ன என்று பார்த்த பிறகு. பேரன் இரண்டிலுமே இன்னும் சரியாக அளக்கப்படவில்லை. இந்த வயதில் தேர்வு செய்யப்போவது அவன் அல்ல, அவனுடைய கோச்.

ஒன்று செய். கோச்சிடம் சண்டைக்குப் போகாதே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பையன் எறியமாட்டான், மார்ச்சில் முழு மூச்சாக வருவான், இதற்கு ஒப்பினால் கிளப்பில் தொடர்கிறோம் என்று பணிவாகச் சொல்லிப் பார். ஒப்பமாட்டேன் என்றால் வேறு கிளப் தேடு. குளிர்காலக் கட்டணம் கட்ட இந்த மாதக் கடைசி நாள் என்று எழுதியிருந்தாய். அதைக் கட்டாதே.

அன்புடன்,
மாமா