எழுத்து சிதையாத மடல்

அண்ணனுக்கு நான் அனுப்பிய தமிழ் மின்னஞ்சல் ஒருமுறை வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. அன்றுதான் இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்தது. பல நாடுகளில் கிளைகள் கொண்ட அலுவலகம் மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரையின் அழகையன்று. அது எந்தப் பொது நெறிமுறையைப் பின்பற்றுகிறது என்பதையே என்பேன்.

1982-இல் ஜோனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறை எளியது. ஆனால் அது 7 பிட் எழுத்துகளை, அதாவது 128 குறிகளை மட்டுமே ஏற்றது. ஆங்கிலத்திற்கு அது போதும். பாரிஸ் கிளையிலிருந்து புறப்படும் பிரெஞ்சு மடலோ தன் உச்சிக்குறிகளை வழியிலேயே இழக்க நேரும். (பெயரைப் பிழையாக எழுதினால் யாருக்குத்தான் மனம் நோகாது?) 1984-இல் சி.சி.ஐ.டி.டி. வகுத்த எக்ஸ்.400, மடல் சேர்ந்ததற்கு ஒப்புகை தரும் ஏற்பாட்டையும் உள்ளடக்கியது. ஆயினும் அதன் முகவரியில் நாடு, சேவை நிறுவனம், அமைப்பு, பெயர் எனத் தனித்தனியே நிரப்ப வேண்டும்.

1992-இல் போரன்ஸ்டைனும் பிரீடும் தந்த மைம் முறை, பழைய பாதையை மாற்றாமலே பிற எழுத்துகளையும் படங்களையும் 7 பிட் குறிகளாகக் கட்டி அனுப்ப வழிசெய்தது. பேஸ்64 முறையில் 3 பைட்டுகள் 4 குறிகளாகும். மடல் மூன்றில் ஒரு பங்கு பருக்கும். அந்தச் சுமையை நான் குறையாக எண்ணவில்லை. இன்று அண்ணனுக்கு நான் எழுதும் தமிழும் யூ.டி.எஃப்.-8 எழுத்தாகி, மைம் முறையில்தான் போய்ச் சேருகிறது.