கோழிக் கொட்டகைக்குக் காற்றோட்டம்

அடைமழையில் சாரல் படாமல் கோழிக் கொட்டகையைச் சாக்கால் மூடினோம். விடியற்காலையில் கண் எரியும்படி நெடி அடிக்கிறதே, ஏன்?
— வாசகர், ஒரத்தநாடு

ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா என்னும் காரவாயு வெளியேற வழியின்றித் தங்குவதே அந்நெடிக்குக் காரணமாதலால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையிலும் கொட்டகையை முழுவதுமாக மூடலாகாது. கிழக்குமேற்கான நீளவாட்டத்தில், ஓரடிச் சுவருக்குமேல் இருபுறமும் கம்பிவலை அடித்து, கூரையை மூன்றடி வெளியே நீட்டி, சாக்குப் படுதாவைக் கீழிருந்து கட்டி மேலே ஓரடி இடைவெளி விட்டால், கோழிகளின் உடற்சூட்டால் மேலெழும் ஈரக்காற்று அவ்வழியே வெளியேறும்; சாரலும் குளிர்காற்றும் அவற்றின்மேல் நேரே படா. டெல்டாவின் அரிசி ஆலைகளில் எளிதில் கிடைக்கும் உமியை இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, நனைந்த பகுதியை உடனே மாற்றுதல் வேண்டும். இந்நெடி கோழிகளின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கும் என்பதால், மேல்திறப்பை இன்றே அமைத்துவிடுக.